முத்திரை இல்லாத நகை தங்கம்தானா? பங்கு வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்ற ஆண்டு ஒரு ஜுமுஆவுக்குப் பிறகு, பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு குடும்பத்தார் வாரிசுப் பங்கு பிரித்துத் தரும்படி என்னை அழைத்துப் போனார்கள். தாயார் மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அத்தா முன்பே காலமாகிவிட்டார். வாரிசுகள் ஒரு மகன், இரண்டு மகள்கள். பாயில் ஒரு துணி முடிச்சை அவிழ்த்து வைத்தார்கள். ஒரு ஜோடி வளையல், சவூதியிலிருந்து வந்த சங்கிலி, கருகமணி, கல் வைத்த கம்மல், ஒரு மோதிரம். வளையலை அந்தக் காலத்தில் திண்டிவனத்தில் ஓர் ஆசாரி செய்து கொடுத்தாராம். எதிலும் ஹால்மார்க் முத்திரை இல்லை.

"மொத்தம் இருபது பவுன் ஹஜ்ரத். தம்பிக்கு பத்து, எங்களுக்கு அஞ்சு அஞ்சு. நீங்களே எடுத்துக் கொடுத்துடுங்க" என்றார் மூத்தவர்.

மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் தவறில்லை. ஆனாலும் அன்று நான் பிரிக்கவில்லை. தராசு எடையைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. ஐந்து பவுன் என்பது 40 கிராம். அது 22 காரட் என்றால் உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 36.7 கிராம். அதுவே 18 காரட் என்றால் 30 கிராம்தான். ஒரே எடையுள்ள இரண்டு சங்கிலிகளை இரண்டு சகோதரிகளுக்குக் கொடுத்தால், ஒருத்திக்கு ஏறக்குறைய ஒரு பவுன் குறைந்துவிடும். கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போதுதான் தெரியவரும். "அம்மா நகையில் எனக்குக் கழிசலைத் தள்ளிவிட்டார்கள்" என்ற பேச்சு அப்போது தொடங்கும். இந்தப் பேச்சால் பெருநாளுக்குக்கூட முகம் பார்த்துக்கொள்ளாத குடும்பங்களை நான் அறிவேன்.

கைபரில் வாங்கிய கழுத்தணி

நம்மில் பலர் நினைப்பதுபோல் இது நகைக்கடைக்காரர்கள் மட்டும் பார்க்க வேண்டிய வேலை அல்ல. ஹிஜ்ரி 7இல் கைபர் போரின்போது ஃபழாலா பின் உபைத் (ரலி) என்ற ஸஹாபி, தங்கமும் மணிகளும் கோத்த ஒரு கழுத்தணியை 12 தீனாருக்கு வாங்கினார். பிறகு மணியையும் தங்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். தங்கம் மட்டுமே 12 தீனாருக்கு மேல் இருந்தது. நபி (ஸல்) அவர்களிடம் இதைச் சொன்னபோது, பிரித்துப் பார்க்காமல் அப்படிப்பட்ட பொருளை விற்கக் கூடாது என்று தடுத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்தச் செய்தி இருக்கிறது. தங்கத்துக்குத் தங்கம் மாற்றும் சட்டத்தை விளக்கும்போது இதை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். நம் வீட்டுக் கருகமணியும் தங்கமும் மணியும் கோத்த கழுத்தணிதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டிலும் இந்த எச்சரிக்கை பழையதுதான். ராஜராஜ சோழன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்குக் கொடுத்த நகைகளை நிறுத்துக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை குறிக்கின்றன. அந்த எடையில் நூலும் அரக்கும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லிவிடுகின்றன. "பத்தரை மாற்றுத் தங்கம்" என்று இன்றும் பேச்சில் சொல்கிறோமே, அந்த "மாற்று" என்பது நம் முன்னோர் தங்கத்தின் தரத்தை அளந்த அலகு.

வீட்டில் செய்யும் சோதனைகள்

எங்கள் உப்பளக் கரையில் பெரியவர்கள் நம்பும் சோதனை ஒன்று உண்டு. "உப்புக் காத்துலயே கறுக்கல, அப்ப தங்கம்தான்" என்பார்கள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் கவரிங் போட்டுப் போனால், உப்புத் தண்ணீரும் வியர்வையும் பட்டுச் சில மாதங்களில் மேல்பூச்சு போய், உள்ளே உள்ள செம்பு பச்சை பூத்துவிடும். அதைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை இது. ஆனால் கனமாகப் பூச்சு போட்ட கவரிங் நகையைப் பெட்டியில் வைத்து, கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துப் போட்டால் பல வருடம் மஞ்சள் மங்காது. உண்மையான தங்க வளையலிலும் பொடி வைத்துப் பற்றிய இடத்தில் செம்பு அதிகம் இருந்தால் அந்த இடம் மட்டும் கறுக்கும். இதைப் பார்த்துவிட்டு நல்ல நகையைக் கவரிங் என்று ஒதுக்கிய வீடும் உண்டு.

காந்தம் வைத்துப் பார்ப்பது அடுத்தது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, உண்மைதான். செம்பு, பித்தளை, வெள்ளி, ஈயம் எதையுமே காந்தம் இழுக்காது. கவரிங் நகைகளில் பெரும்பாலும் உள்ளே இருப்பது செம்பும் பித்தளையும்தான். ஆகவே ஒரு நகையைக் காந்தம் இழுத்தால் உள்ளே இரும்பு போன்ற வேறு உலோகம் இருக்கிறது என்று தெரியும். இழுக்காவிட்டால் ஒன்றும் தெரியாது. தங்கச் சங்கிலியின் கொக்கிக்குள் இருக்கும் சிறிய எஃகுச் சுருளைக் காந்தம் இழுத்ததைப் பார்த்துப் பயந்துபோனவர்களும் இருக்கிறார்கள்.

பல்லால் கடிப்பது, பீங்கானில் உரசுவது, எலுமிச்சையில் ஊறவைப்பது எல்லாம் இதே வகைதான். சில போலிகளைக் காட்டிக்கொடுக்கும், எத்தனை காரட் என்று சொல்லாது. ஆசிட் வாங்கி வந்து வீட்டில் ஊற்றிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. நைட்ரிக் அமிலம் தோலைச் சுட்டுவிடும், செம்பில் பட்டுக் கிளம்பும் புகை நுரையீரலைக் கெடுக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாத வேலை.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் அறிவுக்குப் பொருந்திய சோதனை ஒன்றுதான்: தண்ணீரில் மூழ்கவைத்து எடை பார்ப்பது. ஆர்க்கிமிடீஸ் பெயரில் நாம் பள்ளியில் படித்த அதே முறை. முஸ்லிம் அறிஞர்கள் இதை மிக நுணுக்கமாக வளர்த்தார்கள். அல்பீரூனி உலோகங்களின் அடர்த்தியை அளந்து பதிவு செய்தார். மர்வு நகரில் வாழ்ந்த அல்காஸினி, 1121ஐ ஒட்டி எழுதிய "மீஸானுல் ஹிக்மா" நூலில், கலப்பு உலோகத்தில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று தண்ணீர்த் தராசால் கண்டுபிடிக்கும் வழியை விவரித்தார்.

செய்முறை இதுதான். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் நகையை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுதாக மூழ்கும்படி, அடியிலோ ஓரத்திலோ தொடாமல் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் நகையின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சுத்தத் தங்கம் 19.3. 22 காரட் 17.5 முதல் 17.9 வரை, கலந்தது செம்பா வெள்ளியா என்பதைப் பொறுத்து மாறும். 18 காரட் சுமார் 15.5. ஈயம் 11.3, வெள்ளி 10.5, செம்பு 9, பித்தளை 8.5.

நான் அந்த வீட்டில் பார்த்தபோது வளையல் ஒன்று 32 கிராம். தண்ணீரில் காட்டிய எண் 1.95. வகுத்தால் 16.4. பித்தளையாக இருந்தால் 3.7க்கு மேல் காட்டியிருக்கும். ஆகவே தங்கம்தான், ஆனால் 22 காரட் அல்ல என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. கெட்டி வளையலுக்கும் கெட்டி மோதிரத்துக்கும் மட்டும்தான் இது சரிவரும். கல் வைத்தது, உள்ளே அரக்கு அடைத்தது, கூடாகச் செய்தது, காற்றுக்குமிழி ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பின்னல் சங்கிலி எல்லாம் உண்மைத் தங்கமாக இருந்தாலும் குறைவாகவே காட்டும்.

உரைகல்லும் இயந்திரமும்

அடகுக் கடையிலும் வங்கியிலும் மதிப்பீட்டாளர் கறுப்புக் கல்லில் நகையை உரைத்து, பக்கத்தில் தரம் தெரிந்த தங்க ஆணியையும் உரைத்து, இரண்டு கோட்டின் மேலும் அமிலம் தொட்டுப் பார்ப்பார். பித்தளைக் கோடு மறைந்துபோகும், குறைந்த காரட் கோடு மங்கும், நல்ல தங்கக் கோடு நிற்கும். அக்பர் காலத்து ஆயினே அக்பரியிலும் இந்த ஆணி முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. கைதேர்ந்தவர் 22க்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். ஆனால் கல்லில் படிவது நகையின் மேல்தோல் மட்டும். பூச்சு கனமாக இருந்தால் கல்லும் ஏமாறும். அதனால்தான் நல்ல மதிப்பீட்டாளர் உள்பக்கம், பற்றுவைத்த இடம், கொக்கி என்று பல இடங்களில் உரைப்பார், சந்தேகம் வந்தால் அரத்தால் சிறிது தேய்த்துவிட்டு உரைப்பார்.

பெரிய கடைகளில் இருக்கும் காரட் மீட்டர் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, ஒரு நிமிடத்துக்குள் தங்கம் இத்தனை சதவீதம், செம்பு, வெள்ளி இத்தனை என்று காகிதத்தில் அச்சடித்துத் தருகிறது. நகைக்குச் சேதம் இல்லை. இதுவும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு மூன்று இடத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று பெரிதாக மாறினால் ஏதோ இருக்கிறது என்று பொருள். இறுதித் தீர்ப்பு நெருப்புச் சோதனைதான். நகையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, ஈயத்துடன் உருக்கி, மற்ற உலோகங்களை நீக்கி, மீந்த தங்கத்தை நிறுப்பார்கள். வழக்கு, பெரிய தொகை என்று வந்தால் மட்டும் இது தேவைப்படும்.

முத்திரை இல்லாத பழைய நகையைப் பொதுமக்களே நேரில் எடுத்துப் போய்ச் சோதிக்க, இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) அங்கீகரித்த ஹால்மார்க் மையங்கள் இருக்கின்றன. 2022இல் அறிவித்த கட்டணம் நான்கு நகை வரை 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் நகை ஒன்றுக்கு 45 ரூபாய். இப்போதைய கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அறிக்கையை எழுத்தில் தருவார்கள். நம் பகுதிக்காரர்களுக்குப் புதுச்சேரியும் சென்னையும் எட்டும் தூரம்தான். எந்த மையம் அங்கீகாரம் பெற்றது என்று பி.ஐ.எஸ். இணையதளத்தில் பார்க்கலாம். இருபது பவுன் பங்கு பிரிப்பவருக்கு இந்தச் செலவு ஒரு செலவே இல்லை.

முத்திரைகளைப் படிப்பது

2021 ஜூனில்தான் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கியது, முதலில் 256 மாவட்டங்களில். 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. இப்போதைய முத்திரை மூன்று பகுதி: பி.ஐ.எஸ். முக்கோணச் சின்னம், 22K916 போன்ற தர எண், எச்.யு.ஐ.டி. அந்தக் குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்தக் கடை, எந்த மையம், என்ன வகை நகை என்று வரும். வளையலில் இருக்கும் குறியீட்டுக்கு "மோதிரம்" என்று வந்தால் அது வேறு நகையிலிருந்து களவாடிய குறியீடு. முத்திரை சொன்ன தரத்தைவிடத் தங்கம் குறைவாக இருந்தால், குறைவின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்குபவருக்குத் தர விதி இருக்கிறது.

ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கும், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கு உட்பட்ட சிறு கடைகளுக்கும் இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே கிராமத்துச் சிறு கடையில் இன்று வாங்கும் நகையிலும் முத்திரை இல்லாமல் இருக்கலாம். அதனால் மட்டும் அது போலி ஆகிவிடாது. உங்கள் பழைய நகையை முத்திரை இல்லாமலே விற்கவும் தடை இல்லை.

நம் வீடுகளில் அதிகம் குழப்புவது இரண்டு எழுத்துகள். ஒன்று "கே.டி.எம்." இது தர முத்திரையே அல்ல. காட்மியம் கலந்த பொடியால் பற்றுவைத்தது என்பதன் அடையாளம், அவ்வளவுதான். காட்மியப் புகை வேலை செய்யும் ஆசாரிக்கு நஞ்சு என்பதால் அந்த முறையே இப்போது ஒதுக்கப்பட்டுவிட்டது. மற்றொன்று வளைகுடாவிலிருந்து வரும் நகையில் உள்ள "875". சவூதியில் 21 காரட் நகை சாதாரணம், அதற்கான எண் இது. உம்ராவுக்குப் போய் வாங்கி வந்த நகையை 22 என்று நினைத்து மஹர் கணக்கில் எழுதிய பதிவேட்டை நானே பார்த்திருக்கிறேன். 916, 750, 585 என்பவை முறையே 22, 18, 14 காரட். வெறும் எண் மட்டும் குத்தியிருந்தால் அது செய்தவரின் பேச்சு, சோதனை முடிவு அல்ல.

பைத்துல்மாலில் இருப்பவர்களுக்கு

நம் ஜமாஅத்துகளில் நகையை அமானிதமாக வாங்கி வைத்துக்கொண்டு வட்டியில்லாக் கடன் தருகிறோம். பெரும்பாலும் நகையை வாங்குபவர் செயலாளரோ இமாமோதான். கையில் கல்லும் இல்லை, கருவியும் இல்லை, முகத்தைப் பார்த்து வாங்குகிறோம். 2021 செப்டம்பரில் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, கணக்கைச் சரிபார்த்ததில் போலி நகைக்குக் கடன் கொடுத்திருந்த சங்கதிகள் வெளிவந்தன. சம்பளத்துக்கு மதிப்பீட்டாளர் இருந்த இடத்திலேயே அந்த நிலை.

வட்டிக்கு அடகு வைப்பது கூடாது என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6இல் நகைக்கடனுக்கு வெளியிட்ட விதிகளில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நகையைச் சோதிக்கும்போது கடன் வாங்குபவர் உடன் இருக்க வேண்டும். கல், நூல் கழித்த நிகர எடை, தரம், ஏற்கெனவே உள்ள சேதம் எல்லாம் எழுதிய சான்றை அவர் கையில் கொடுக்க வேண்டும். திருப்பித் தரும்போது "இது என் நகை இல்லை" என்ற பழி பள்ளிவாசல் மேல் விழாமல் இருக்க, ஒரு படமும் ஒரு கடையின் காரட் மீட்டர் சீட்டும் கோப்பில் இருந்தால் போதும்.

ஸகாத் கணக்கு

தங்கத்தின் நிஸாப் 20 மிஸ்கால். இக்கால ஆலிம்களில் பலர் 85 கிராம் என்றும், இந்திய ஹனஃபி உலமாக்கள் ஏழரை தோலா, அதாவது 87.48 கிராம் என்றும் கணக்கிடுகிறார்கள். "பதினோரு பவுன்" என்று ஊரில் சொல்வது இதைத்தான். கலப்புத் தங்கத்தில் தங்கமே மிகுதியாக இருந்தால் முழு எடையையும் தங்கமாகவே பார்ப்பது ஹனஃபி மத்ஹப். ஷாஃபிஈ மத்ஹபில் உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம்தான் நிஸாபை எட்ட வேண்டும். பெண்கள் வழக்கமாக அணியும் ஆகுமான நகைக்கு அந்த மத்ஹபில் ஸகாத் இல்லை. சேமித்து வைத்த தங்கத்துக்கு உண்டு. 12 பவுன், அதாவது 96 கிராம் சேமிப்பு 22 காரட் என்றால் சுத்தத் தங்கம் 88 கிராம். 18 காரட் என்றால் 72 கிராம்தான். தரம் தெரியாமல் எனக்குக் கடமையா இல்லையா என்று கேட்டால் எந்த ஆலிமாலும் பதில் சொல்ல முடியாது. கல்லின் எடையும், பாட்டி வைத்துவிட்டுப் போன கவரிங்கும் எந்தக் கணக்கிலும் சேராது.

பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்கும்போதும் கவனம் தேவை. தங்கத்துக்குத் தங்கம் எடை கூட்டிக் குறைத்து மாற்றக் கூடாது. பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்கி, பிறகு புதியதை வாங்குங்கள். இப்படிச் செய்தால் பழையதற்கு என்ன தரம் போட்டார்கள், எவ்வளவு கழித்தார்கள் என்பதும் வெளிச்சமாகத் தெரியும். உருக்கினால் உங்கள் கண் முன்னே உருக்கச் சொல்லி, முன்னும் பின்னும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு வருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "புதையலில் கிடைத்தது" என்று மாலை விற்பவர், சோதிக்க ஒரே ஒரு மணியை அறுத்துக் கொடுப்பார். அந்த ஒன்று மட்டும் தங்கமாக இருக்கும். "பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்பவர் நகையை அமிலத்தில் முக்கி எடுப்பார். நகை பளபளக்கும், எடை குறைந்திருக்கும், கரைந்த தங்கம் அவர் பாத்திரத்தில் போயிருக்கும்.

அந்தக் குடும்பத்தின் நகைகளுக்கு ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. வளையல் 64 கிராம், 83 சதவீதம். சவூதி சங்கிலி 48 கிராம், 87.5 சதவீதம். கருகமணி 24 கிராம் இருந்தது, மணியும் நூலும் கழித்தால் 15 கிராம். கம்மல் 16 கிராம், கல் போக 13. இரண்டும் 90 சதவீதம். ஒரு பவுன் மோதிரம் கவரிங். மொத்தத்தில் சுத்தத் தங்கம் 120 கிராம் சொச்சம். 22 காரட்டாகக் கணக்கிட்டால் இருபது பவுன் என்று நினைத்திருந்தது பதினாறரைக்கும் சற்றுக் குறைவு.

சுத்தத் தங்கத்தில் மகனின் பங்கு 60 கிராம், மகள்களுக்கு முப்பது முப்பது. மகன் வளையலை எடுத்துக்கொண்டார், அவருக்கு 7 கிராம் குறைந்தது. இளைய மகள் கருகமணியும் கம்மலும் எடுத்தார், அவருக்கு 5 கிராம் குறைந்தது. சங்கிலியை எடுத்த மூத்தவரிடம் அந்த 12 கிராம் கூடுதலாக இருந்ததால், அன்றைய விலையில் ரொக்கமாக அந்த இடத்திலேயே இருவருக்கும் கொடுத்தார். அறிக்கையின் நகலில் மூவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். மோதிரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. தாயார் தினமும் போட்டிருந்தது அதுதான் என்று இளையவர் கேட்டார், மற்ற இருவரும் சம்மதித்துக் கொடுத்துவிட்டார்கள்.